நூற்றெட்டில் ஆறு

போன வாரம் முழுவதும் என் கைப்பையில் ஒரு கடிதம் இருந்தது. "என் மகளுக்கு நேற்று முதல் காய்ச்சல். ஆகவே இன்றைய விளையாட்டுப் போட்டியில் அவளால் கலந்துகொள்ள இயலவில்லை" என்று அவளுடைய வகுப்பு டீச்சருக்கு எழுதியிருந்தேன். எழுதியது திங்கட்கிழமை. போட்டி சனிக்கிழமை. நான்கு நாள் கழித்து வரப்போகும் காய்ச்சலுக்கு முன்கூட்டியே கடிதம் எழுதி வைத்த தாய் இந்த மலையிலேயே நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.

மகளுக்கு ஏழு வயது. முதலாம் ஆண்டு. குறைமாதத்தில் பிறந்தவள். ஓடினால் மூச்சு வாங்கும் என்று எனக்குப் பயம். மருத்துவருக்கு அந்தப் பயம் இல்லை. பயிற்சி ஓட்டத்தில் ஏழு பிள்ளைகள் ஓடினார்கள், இவள் ஏழாவதாக வந்தாள். பையன்கள் "ஆமை" என்றார்களாம். அவள் அதைச் சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். நான்தான் அன்று இரவுச் சோற்றில் உப்புப் போட மறந்தேன்.

என் கணவர் திரிங்காப்பில் காய்கறி லோரி ஓட்டுகிறார். "ஓடட்டும்லா. கடைசியா வந்தா என்ன, வீட்டுக்கு வழி தெரியாமலா போயிடுவா?" என்றார். அவருக்கு எல்லாமே லேசு.

கடிதத்தை மடிக்கும்போதுதான் அக்காவின் குரல் ஞாபகத்துக்கு வந்தது. அவர் எதற்கும் கேட்கும் அதே கேள்வி.

"எத்தனையாவது?"

அக்கா எங்கள் தேயிலைத் தோட்டத்துப் பெண். எங்கள் வீட்டுக்கு நான்கு வீடு தள்ளி, லைன் வீட்டில் பிறந்தவர். என்னைவிடப் பத்து வயது மூத்தவர். ஒலிம்பிக்கில் துடுப்புப் படகு ஓட்டியவர். ஒரே ஆள் உட்கார்ந்து இரண்டு துடுப்புப் போடும் படகு. பெயரை எழுத வேண்டாம் என்று நினைக்கிறேன். எழுதினால், "என்னைப் பத்தி எழுதினியாமே, எத்தனை எடத்துல தப்பு?" என்று கேட்பார். இருக்கத்தான் செய்யும்.

லைன் வீட்டுக் கூரைத் தகரத்தில் சிக்கிய பூப்பந்தை அவர் ஏணி இல்லாமல் எடுப்பார். அவ்வளவு நெட்டை. கைகள் இன்னும் நெட்டை. அவர் அம்மா கொழுந்து வெட்டப் போகும்போது குளிருக்குப் போடும் சட்டையை இவர் போட்டால் கை முழங்கையோடு நின்றுவிடும். ஆனால் எங்கள் தோட்டத்தில் அவரைப் பற்றிப் பேச்சு வந்தால் உயரத்தைப் பற்றி யாரும் பேசமாட்டார்கள். அவர் வாயைப் பற்றித்தான் பேசுவார்கள்.

பொய் சொல்லமாட்டார் என்று சொன்னால் ஏதோ பெரிய சத்தியவதி மாதிரி தோன்றும். அப்படி இல்லை. அவருக்கு எல்லாவற்றிலும் சரியான இடம் தெரிய வேண்டும், அவ்வளவுதான். ஒரு கல்யாணத்தில் பெண்ணின் தாயார் பெருமையாக, "பிரியாணி எப்படி?" என்று கேட்டார். அக்கா கொஞ்சம் யோசித்தார். "இந்த வருஷம் நான் சாப்பிட்டதுல மூணாவது" என்றார். அந்த அம்மா முகம் சுருங்கியது. அக்காவுக்குப் புரியவே இல்லை. "பதினோரு கல்யாணத்துல மூணாவது, அத்தே! நல்ல எடம்!" என்று பின்னாலேயே போய்ச் சொன்னார்.

என் அப்பா தோட்டத்து ஆபீசில் கிராணி. கடிதம், தொலைபேசி, சம்பளப் பட்டியல் எல்லாம் அவர் கையில். வெள்ளிக்கிழமை கோயிலில் பக்திப் பாட்டும் பாடுவார். ஒருநாள் பாடி முடித்துக் கர்ச்சீப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டே அக்காவிடம், "எப்படிம்மா இருந்துச்சு?" என்று கேட்டுவிட்டார்.

"நம்ம கோயில்ல பாடுறவங்கள்ல நீங்க நாலாவது, கிராணி ஐயா."

அப்பாவுக்குச் சந்தோஷம். வீட்டுக்கு வந்து அம்மாவிடம் சொன்னார். அம்மா கேட்டார்: "மொத்தம் எத்தனை பேரு பாடுறாங்க?"

நான்கு பேர்தான்.

அப்பா ஒரு வாரம் அக்காவிடம் பேசவில்லை. ஆனால் அதற்குப் பிறகு தினமும் குளிக்கும்போது சத்தமாகப் பயிற்சி செய்ய ஆரம்பித்தார். இரண்டு மாதம் கழித்து அக்காவே வீட்டு வாசலில் வந்து நின்று, "ஐயா, மூணாவது!" என்று கத்திவிட்டுப் போனார். அன்றைக்கு அப்பா சிரித்த சிரிப்பை நான் அதற்கு முன் பார்த்ததில்லை.

தேயிலை மலையில் பிறந்த பெண் படகுக்கு எப்படிப் போனார் என்று கேட்பார்கள். அதுவும் அந்த வாயால்தான். அவர் படித்த இடைநிலைப் பள்ளிக்குக் கீழிருந்து ஒரு படகுப் பயிற்சியாளர் வந்தாராம். உயரமான பெண்களை நிறுத்திக் கை நீளம் அளந்தாராம். மலைப்பிள்ளைகளுக்கு மூச்சு நன்றாக இருக்கும் என்று அவருக்கு ஓர் எண்ணம். ஒன்பது பெண்களைத் தேர்ந்தெடுத்து ஆளுக்கொரு விண்ணப்பப் பாரம் கொடுத்தார். அதில் ஒரு கேள்வி: நீந்தத் தெரியுமா?

எங்கள் ஊரில் யாருக்கு நீந்தத் தெரியும்? குளிரில் குளிப்பதே பெரிய காரியம். ஆனாலும் எட்டுப் பெண்கள் "தெரியும்" என்று எழுதினார்கள். அக்கா, "தெரியாது. ஆற்றில் இடுப்பு வரை இறங்கியிருக்கிறேன்" என்று எழுதினார். மறுவாரம் எல்லாரையும் ஈப்போவுக்குக் கூட்டிப்போய் நீச்சல் குளத்தில் இறக்கினார்கள். எட்டில் ஆறு பேரைப் பிடித்துத் தூக்க வேண்டியிருந்தது. அக்கா கரையில் செருப்புகளுக்குக் காவலாக உட்கார்ந்திருந்தார்.

"அந்தக் கோச் எங்கிட்ட வந்து, நீ ஏன் இறங்கலன்னு கேட்டாரு. தெரியாதுன்னு எழுதியிருக்கேனே சார்னு சொன்னேன். அவரு பாரத்தப் பாத்தாரு, என்னையப் பாத்தாரு. இடுப்பு வரைக்கும்னா எவ்வளவு ஆழம்னு கேட்டாரு. எந்திரிச்சு நின்னு காட்டினேன்."

நீச்சலை மூன்று மாதத்தில் கற்றுக்கொண்டார். அந்த எட்டுப் பேரும் நாளடைவில் மலைக்குத் திரும்பிவிட்டார்கள். இவர் அங்கேயே தங்கிப் படித்துப் பயிற்சி செய்தார்.

விடுமுறைக்கு வீட்டுக்கு வந்தால் வாசற்படியில் உட்கார்ந்து, காலை நீட்டி, இரண்டு துடைப்பக் கட்டையைப் பிடித்துக்கொண்டு எங்களுக்குப் படகு ஓட்டிக் காட்டுவார். உள்ளங்கை முழுக்கக் கொப்புளம் காய்ந்து தடித்திருக்கும். என் விரலை அதில் வைத்து அழுத்தச் சொல்வார். "வலிக்குதாக்கா?" என்று கேட்டால், "இதுல எது வலிக்குதுன்னு கேளு. இந்த ரெண்டாவது விரலுக்குக் கீழ இருக்குறதுதான் மொத எடம்" என்பார்.

ஒருமுறை, "நாங்க முதுகு காட்டிக்கிட்டுத்தான் போவோம். போற எடம் எங்களுக்குத் தெரியாது" என்று சொன்னார். பிள்ளைகள் எல்லாரும் சிரித்தோம். நானும் சிரித்தேன். இல்லாததைச் சொல்லாத ஒருவர் சொன்னதை நான் ஏன் நம்பவில்லை என்று இன்றைக்கும் யோசிக்கிறேன். அன்று முழுதாக நம்பியிருந்தால் பின்னால் நடந்தது நடந்திருக்காது.

ஒலிம்பிக்குக்கு அவர் தேர்வான வருடம் எனக்குப் பதின்மூன்று வயது. கோயில் தலைவர் ஒரு நேர்த்தி வைத்தார். அக்கா முதல் ஓட்டத்தில் முதலாவதாக வந்தால் மாரியம்மனுக்கு நூற்றெட்டுத் தேங்காய். எங்கள் குளிரில் தென்னை வளராது. ஆகவே தாப்பாவிலிருந்து லோரியில் தேங்காய் ஏற்றி வந்து முதல் நாளே கோயில் மண்டபத்தில் அடுக்கிவிட்டார்கள். வெற்றி வருவதற்குள் தேங்காய் வந்துவிட்டது. அதுதான் எல்லாவற்றுக்கும் காரணமோ என்று எனக்குச் சில நேரம் தோன்றும். கண் முன்னால் நூற்றெட்டுத் தேங்காய் காத்திருக்கும்போது யாருக்குத்தான் முதலிடத்தைத் தவிர வேறு ஏதும் தெரியும்?

வேலை முடிந்த மாலை நேரம். மண்டபத்தில் டிவி. தோட்டமே உட்கார்ந்திருந்தது. அக்காவின் அம்மா முதல் வரிசையில், கொழுந்து வெட்டும் கத்தரியைக்கூட வீட்டில் வைக்காமல் மடியில் வைத்துக்கொண்டிருந்தார். போட்டி தொடங்கியது. மேலிருந்து காட்டியதில் ஆறு படகும் ஆறு குச்சிகள் மாதிரி தெரிந்தன. மழை பிடித்துக்கொண்டது. தகரக் கூரையில் மழை விழுந்தால் பக்கத்தில் இருப்பவர் பேச்சே கேட்காது. டிவியில் மலாய்க்காரர் சொன்னது எங்கே கேட்கும்? அப்போது பக்கவாட்டிலிருந்து படம் காட்டினார்கள். அந்த நொடியில் படம் நின்றுவிட்டது. மழை வந்தால் எங்கள் ஊரில் டிவித் தட்டு அப்படித்தான் செய்யும்.

நின்றுபோன படத்தில் ஆறு படகுகளும் ஒன்றையடுத்து ஒன்றாகச் சரிவாக இருந்தன. இடது ஓரத்தில் இருந்த படகின் துடுப்பில் நம் கொடியின் நிறம். அக்கா. ஆறு பேரின் முகமும் இடது பக்கம் பார்த்திருந்தது.

"யாரு முன்னுக்கு?" என்று கோயில் தலைவர் கத்தினார்.

"மூஞ்சி எந்தப் பக்கமோ அந்தப் பக்கந்தான தலைவரே போவாங்க" என்றார் தோட்டத்து லோரி ஓட்டும் மாமா. "ரிங்லெட் டேம்ல குப்பை அள்றவன் எப்படிப் போறான்? முன்னால பாத்துக்கிட்டுத்தான துடுப்புப் போடுறான்?"

"அப்ப ஓரத்துல இருக்குறது நம்ம புள்ளைல்ல? அவதான் மொத!"

"இருங்கய்யா, படிச்ச புள்ளையக் கேப்போம். கிராணி மக எங்க?"

என்னை முன்னால் தள்ளினார்கள். நான் டிவி அருகில் போய் நின்றேன். துடைப்பக் கட்டை ஞாபகம் வந்தது. முதுகு காட்டிக்கிட்டுத்தான் போவோம். ஒரு நொடி அது என் நாக்கு நுனி வரை வந்தது. திரும்பிப் பார்த்தேன். அக்காவின் அம்மா கத்தரியை இறுகப் பிடித்துக்கொண்டு என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஆமா. அக்காதான் மொத" என்றேன்.

டிவியில் படம் அன்றிரவு திரும்ப வரவே இல்லை. மழையிலேயே உடைத்தார்கள். லோரி மாமா ஒருவரே முப்பது உடைத்தார். தேங்காய்த் தண்ணீரும் மழைத் தண்ணீரும் கோயில் வாசலில் ஒன்றாக ஓடின. அக்காவின் அம்மாவைப் பெண்கள் தூக்கிச் சுற்றினார்கள். கத்தரி யார் மேலும் படாதது மாரியம்மன் அருள்.

மறுநாள் காலைப் பெரட்டு. வேலைக்கு ஆள் பிரிக்க எல்லாரும் ஆபீஸ் வாசலில் கூடியிருந்த நேரம். தொலைபேசி அடித்தது. அக்கா. அப்பா எல்லாருக்கும் கேட்கட்டும் என்று ஸ்பீக்கரைப் போட்டார்.

"ஐயா, நேத்து ரேஸ் முடிஞ்சிருச்சு. ஆறாவது வந்தேன்."

அப்பா சிரித்தார். "வெளாடாதம்மா. நாங்கதான் டிவில பாத்தோமே!"

"ஆறு பேர்ல ஆறாவது, ஐயா."

வாசலில் எல்லாரும் கோயில் பக்கம் திரும்பிப் பார்த்தார்கள். அப்பா தொண்டையைச் செருமிக்கொண்டார். "தேங்கா ஒடச்சிட்டோம்மா" என்றார், ஏதோ தானே எல்லாவற்றையும் தின்றுவிட்டவர் மாதிரி.

"எத்தனை?"

"நூத்தியெட்டும்."

அந்தப் பக்கம் ஏதோ சத்தம். அழுகிறார் என்று நினைத்தோம். அக்காவின் அம்மா, "ஏ புள்ள, அழுவாத புள்ள!" என்று ஸ்பீக்கரைப் பார்த்துக் கத்தினார். பிறகுதான் தெரிந்தது, சிரிக்கிறார். மூச்சு வாங்க வாங்கச் சிரிக்கிறார்.

"ஐயா, அதுல ஆறு எனக்கு. மிச்சம் நூத்தி ரெண்டும் மொதல்ல வந்த பொண்ணு பேர்ல வச்சுக்குங்க. அவ நல்லா இழுத்தா. சாமிகிட்ட சொல்லிருங்க, பேரு மாறி வந்துருச்சுன்னு."

பிறகு கேட்டார்: "நான் மொதன்னு யாரு சொன்னா?"

அப்பா என்னைப் பார்த்தார். வாசலே என்னைப் பார்த்தது. பள்ளிக்கூடச் சீருடையோடு நான் போனைப் பிடித்தேன். அழுதுகொண்டிருந்தேன்.

"நீயா பாப்பா? என்ன பாத்த?"

"நீங்க... ஓரத்துல இருந்தீங்கக்கா. எல்லாரும் அந்தப் பக்கம் பாத்தீங்க. எனக்குத் தெரியும்க்கா, நீங்க முதுகு காட்டிப் போவோம்னு சொன்னீங்க. தெரிஞ்சும் மொதன்னு சொல்லிட்டேன்."

"ஏன்?"

"எல்லாரும் ஆசையா இருந்தாங்க."

அக்கா சிரிப்பு இல்லாத குரலில் சொன்னார்: "பாப்பா, அந்த ஆறாவது எடத்துக்கு நான் எவ்வளவு இழுத்தேன் தெரியுமா? கடைசில கண்ணு இருட்டிருச்சு. அது நான் இழுத்து வாங்கின எடம். அதத் தூக்கிப் போட்டுட்டு வேற எவளோட எடத்தையோ எனக்குக் குடுத்தா, அப்பறம் எனக்குன்னு என்ன இருக்கு?"

நான் போனை அப்பாவிடம் கொடுத்துவிட்டேன்.

கோயில் தலைவர் தேங்காய் விஷயத்தைச் சும்மா விடவில்லை. ஒருத்தருக்குச் சேர வேண்டியதை இன்னொருத்தர் பேரில் உடைத்தது குற்றம், அர்ச்சனை செய்து சரிசெய்ய வேண்டும் என்றார். வெள்ளிக்கிழமை பூசாரி தட்டோடு வந்து, "யார் பேருக்கு?" என்றார். பத்திரிகையில் பார்த்து எழுதி வைத்திருந்த, வாயில் நுழையாத அந்த வெள்ளைக்காரப் பெண்ணின் பெயரை நான் எழுத்துக் கூட்டிப் படித்தேன்.

"நட்சத்திரம்?"

எல்லாரும் ஒருவரையொருவர் பார்த்தோம்.

"நாடு மட்டுந்தான் தெரியும் சாமி" என்றார் அப்பா.

பூசாரி நாட்டின் பெயரைச் சொல்லியே அர்ச்சனை செய்தார்.

அக்காவின் கடைசி ஓட்டம் அடுத்த வாரம், பின்தங்கியவர்களுக்கு இடம் பிரிக்கும் ஓட்டம். அன்றைக்கு மழை இல்லை. லோரி மாமா டிவிக்குப் பக்கத்திலேயே நின்றுகொண்டு, "முதுகப் பாருங்க! மூஞ்சியப் பாக்காதீங்க, முதுகப் பாருங்க!" என்று எல்லாருக்கும் பாடம் நடத்தினார். ஆறு பேரில் மூன்றாவதாக வந்தார். மொத்தக் கணக்கில் இருபத்தேழாவது இடம். மூன்று தேங்காய் உடைத்தோம். அன்று மண்டபத்தில் எழுந்த சத்தம், நூற்றெட்டு உடைத்த நாளைவிடப் பெரியது என்று எனக்கு ஞாபகம். அப்படி நினைக்க விரும்புகிறேனோ, தெரியவில்லை.

அவர் ஊர் திரும்பிய நாளில் ரிங்லெட்டிலிருந்து தோட்டத்து லோரியில் ஊர்வலம். உறுமி மேளம். பேனர் எழுதும் வேலையை எனக்கே கொடுத்தார்கள். தண்டனையா மன்னிப்பா என்று நான் கேட்கவில்லை. "உலகத்திலேயே இருபத்தேழாவது!" என்று பெரிய எழுத்தில் எழுதினேன். ரிங்லெட் கடைக்காரர்கள் வெளியே வந்து பார்த்துவிட்டு, இருபத்தேழுக்கா இவ்வளவு மேளம் என்று சிரித்தார்கள். அக்காவோ லோரியிலிருந்து குதித்து, அந்த எண்ணின் மேல் கை வைத்துக்கொண்டு படம் எடுக்கச் சொன்னார்.

அப்போதுதான் சட்டைப் பையிலிருந்து ஒரு சின்ன பேட்ஜை எடுத்து என் சீருடையில் குத்தினார். அந்த முதலாவது வந்த பெண் கொடுத்ததாம். சாப்பாட்டுக் கூடத்தில் அவளைத் தேடிப் போய், தனக்குத் தெரிந்த இங்கிலீஷில், எங்கள் ஊரில் உனக்காக நூற்றிரண்டு தேங்காய் உடைத்திருக்கிறோம் என்று சொன்னாராம்.

"அவ நம்பல. ஏன்னு கேட்டா. நீ ஜெயிச்சதுக்குன்னு சொன்னேன். அழுதுட்டா பாப்பா. அவ ஊர்ல யாரும் ஒண்ணும் ஒடைக்கலையாம்."

அதற்குப் பிறகு அக்கா மூன்று வருடம் ஓட்டினார். அடுத்த ஒலிம்பிக்குக்கும் அவர்தான் போவார் என்று இருந்தோம். ஒரு விடுமுறையில் பெட்டி படுக்கையோடு வந்து இறங்கினார். அவருக்குப் பின்னால் பயிற்சிக்கு வந்த பெண் அவரைவிட வேகமாம். பயிற்சியாளருக்கு அது தெரியவில்லை. இரண்டு பேரையும் ஒரே காற்றில், ஒரே தண்ணீரில் ஓட்டிப் பார்க்காததால் தெரியவில்லை. அக்காவே போய், பக்கத்தில் பக்கத்தில் விட்டுப் பாருங்கள் என்று கேட்டாராம். பார்த்தார்கள். அந்தப் பெண் போனாள்.

அந்த விஷயத்தில் மட்டும் தோட்டத்தில் யாருக்கும் சிரிப்பு வரவில்லை. அவர் அம்மா வாசலில் நின்று, "வாய மூடிக்கிட்டு இருந்தா ஒனக்கு என்னா கொறஞ்சிருக்கும்? யாரு கேட்டா ஒன்ன?" என்று சத்தம் போட்டார். அக்கா துணி காயப் போட்டுக்கொண்டே, "அவ என்னவிட வேகம்மா. நான் ரெண்டாவது. ரெண்டாவது ஆளு மொதல் ஆளு படகுல எப்படி ஒக்காருறது?" என்றார். அதைச் சொல்லும்போது அவர் எங்கள் பக்கம் திரும்பவில்லை. ஈரத் துணிக்குப் பின்னால் முகம் எப்படி இருந்தது என்று எனக்குத் தெரியாது. ஆனால் ஒரே சட்டையை மூன்று முறை உதறினார்.

பிறகு கீழே, சமவெளிப் பக்கம் போய்ப் பள்ளிக்கூட வேன் ஓட்ட ஆரம்பித்தார். என் கல்யாணத்துக்கு வந்திருந்தார். நான் மணமேடையிலிருந்தே அவரிடம், "அக்கா, பொடவை எப்படி?" என்று கேட்டேன். கேட்கக்கூடாத ஆளிடம் கேட்கிறோம் என்று தெரிந்தும் கேட்டேன்.

"ரெண்டாவது."

"மொத யாரு?"

"ஒங்க அம்மா. ஒங்க வீட்டுச் சொவத்துல கல்யாணப் படம் இருக்குல்ல, அதுல."

பக்கத்தில் நின்ற என் அம்மா பெண்ணின் தாயார் என்பதை மறந்து வெட்கப்பட்டார். அதுதான் நான் அக்காவைக் கடைசியாகப் பார்த்தது.

போட்டிக்கு முதல் நாள், வெள்ளிக்கிழமை சாயங்காலம், இந்தக் கதையை என் மகளுக்குச் சொன்னேன். பேட்ஜைக் காட்டினேன். அவள் அதைச் சட்டையில் குத்திக்கொண்டு, நூற்றெட்டிலிருந்து ஆறு போனால் எவ்வளவு என்று விரல் விட்டு எண்ணிப் பார்த்துவிட்டு, "அம்மா, நாளைக்கு நான் எத்தனையாவது வருவேன்?" என்று கேட்டாள். எனக்குத் தெரியாது என்றேன். பதின்மூன்று வயதிலேயே இதைச் சொல்லியிருக்கலாம்.

ஆனாலும் கடிதத்தைக் கிழிக்கவில்லை. காலையில் அவளுக்குக் கொஞ்சம் இருமல் மாதிரி இருந்தது. இருமல்தானா, சிரித்ததில் புரையேறியதா, நிச்சயமில்லை. கைப்பையைத் தோளில் மாட்டிக்கொண்டுதான் பள்ளிக்குப் போனேன்.

வாசலில் டீச்சர் பெயர்ப் பட்டியலோடு நின்றிருந்தார். என் கை பைக்குள் போய்க் கடிதத்தைத் தொட்டுவிட்டது.

"ஒங்க மக வந்துட்டா, நல்லவேளை" என்றார் டீச்சர். "ஒரு பையனுக்குக் காய்ச்சலாம். அவங்க அம்மா லெட்டர் கொண்டு வந்து குடுத்துட்டுப் போறாங்க. பாருங்க, ஆறு பேர வச்சுத்தான் ஓட விடணும்."

டீச்சர் கையில் இருந்த கடிதம் தெரிந்தது. 'நேற்று முதல் காய்ச்சல்.' அதே சொற்கள். பள்ளிக்கு வெளியே ஒரு கெரேத்தா மெதுவாகத் திரும்பிக்கொண்டிருந்தது. காரின் பின் சீட்டில் ஒரு பையன் கண்ணாடியில் மூக்கை அழுத்தித் திடலையே பார்த்துக்கொண்டு போனான். காய்ச்சல்காரன் மாதிரி எனக்குத் தெரியவில்லை. முன் சீட்டில் இருந்த அம்மாவின் கண்ணும் என் கண்ணும் ஒரு நொடி சந்தித்தன. அவர் சட்டென்று சாலையைப் பார்த்தார். நானும் சட்டென்று பையை மூடினேன்.

ஓட்டத்தை நான் முழுதாகப் பார்க்கவில்லை. விசில் ஊதியதும் கண்ணை மூடிக்கொண்டேன். திறந்தபோது ஐந்து பிள்ளைகள் கோட்டைத் தாண்டி நின்றிருந்தார்கள். என் மகள் நடுத் திடலில் வந்துகொண்டிருந்தாள். நிற்கவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு, இரண்டு கையையும் துடுப்புப் போடுகிற மாதிரி வீசி வீசி வந்தாள். கோட்டைத் தாண்டி நேராக என்னிடம் ஓடி வந்து, மூச்சு வாங்கிக்கொண்டே கேட்டாள்.

"எத்தனையாவது?"

எல்லாரும் ஜெயிச்சாங்கடா என்று சொல்ல என் வாய் தயாராக இருந்தது. பேட்ஜ் அவள் சட்டையில் கோணலாகத் தொங்கிக்கொண்டிருந்தது.

"ஆறாவது" என்றேன். பிறகு, கேட்பதற்கு முன்பே, "ஆறு பேர்ல" என்றேன்.

அவள் யோசித்தாள்.

"போன வாரம் ஏழாவது!" என்று குதித்தாள்.

அந்தக் காய்ச்சல் பையனைப் பற்றி விளக்கலாமா என்று நினைத்தேன். அக்காவாக இருந்தால் விளக்கியிருப்பார். நான் விளக்கவில்லை. எல்லாவற்றையும் ஒரே நாளில் சரிசெய்ய என்னால் முடியாது.

வீட்டுக்குப் போகும் வழியில் ரிங்லெட்டில் சீனர் கடைக்கு இழுத்துப் போனாள். ஆறு தேங்காய் கேட்டாள். கடைக்காரத் தவுக்கே பல வருடமாக எங்களுக்குத் தெரிந்தவர், தமிழ் பேசுவார்.

"இன்னிக்கி என்னா? சாமி நாளா?"

"இல்ல அங்கிள். நான் ஓட்டத்துல ஆறாவது."

"வா! கெட்டிக்காரி!" என்று சிரித்து, ஆறையும் பையில் போட்டுவிட்டு, மேலே இன்னொன்றையும் வைத்தார். "இது அங்கிள் குடுக்குறது. சும்மாலா."

என் மகள் பைக்குள் பார்த்தாள். இரண்டு கையாலும் அந்த ஏழாவது தேங்காயைத் தூக்கி, முகம் சிவக்க, மேசை மேல் திருப்பி வைத்தாள்.

"ஆறுதான் என்னோடது, அங்கிள்."